தீவகத்தின் கதை – 14: துறைக்குக் காவலாய் வந்தவர்கள்

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் 'பாதை'யில் ஏறி நின்றால் சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரோடும் எல்லாவற்றோடும் சேர்ந்து கடலைக் கடக்கலாம். சில நிமிடப் பயணம். அதற்குள் கண் தானாகப் போய் நிற்பது தண்ணீருக்குள்ளிருந்து முளைத்ததுபோல் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டையில்தான். ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். இலங்கைத் தீவைப் படத்தில் பார்த்தால் உப்பிட்டுக் காயவைத்த பன்றித் தொடைபோல் இருக்கிறதாம். அந்தத் தொடையின் குதிக்கால் இந்த இடமாம். எங்கள் சனம் அந்தப் பெயரை வாயில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது கடற்கோட்டை.

போன மாதம் பாதையில் என் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், நான் கோட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு, "உது பூதத்தம்பியின்ர காலத்துக் கோட்டை, தம்பி. அந்திராசியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டதுதான் மனிசன் செய்த பிழை" என்றார். முந்நூற்றறுபது வருசத்துக்கு முந்திய ஒரு சாவை முந்தாநாள் நடந்ததுபோல் சொன்னார். அந்தச் சாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஊரின் பெயரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஊர்காவற்றுறை என்ற பெயரை ஊர், காவல், துறை என்று பிரித்துச் சொல்லாத பள்ளிக்கூட வாத்தியார் தீவகத்தில் இல்லை. பழைய பெயர் ஊராத்துறை. போர்த்துக்கேயர் வந்து தங்கள் மொழியில் இறங்குதுறை என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். அதுவே ஆங்கிலேயர் வாயில் கயிற்ஸ் ஆனது. காவல் துறை என்கிறோம், சரி. காவல் நின்றது யார்? இந்த நீரிணையின் இரு கரையிலும் கோட்டை மதிலின் மேலும் துவக்கோடு நின்ற ஆட்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள்? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விதான். அதைத் தேடிப் போனால், நின்றவர்களில் பெரும்பாலானோர் இந்த ஊரையோ, தங்களுக்குச் சம்பளம் கொடுத்த அரசின் நாட்டையோ சேர்ந்தவர்கள் இல்லை என்று தெரியவருகிறது.

சென்ற அத்தியாயத்தை நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் கல்வெட்டோடு நிறுத்தியிருந்தேன். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்தது அது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. கப்பல் உடைந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் அதில் கணக்கு உண்டு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் அரசன் நாலில் ஒரு பங்கு மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கே விட்டுவிடுவான். யானையும் குதிரையும் படைக்கு வேண்டியவை. அதைக் கொண்டுவருபவன் அடுத்தமுறையும் வர வேண்டும் என்பதில் அரசனுக்கு அக்கறை. அன்புக்கும் தேவைக்கும் நடுவில் எழுதப்பட்ட சட்டம் என்றே அதை நான் படிக்கிறேன். அதே பராக்கிரமபாகு ஊராத்துறையிலும் மாதோட்டத்திலும் வேறு துறைகளிலும் கப்பலும் படையும் திரட்டினான் என்பதைத் திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டு சொல்கிறது. அதை அறிந்த சோழர் படை கடல் கடந்து வந்து இந்தத் துறைகளை அழித்தது.

குதிரை மட்டும் வெளியிலிருந்து வரவில்லை. அந்தக் காலத்துப் பொலன்னறுவை அரசர்களின் நம்பிக்கைக்குரிய படைகளில் ஒன்று வேளைக்காரர் படை. தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரான வடுகரும் அதில் இருந்தார்கள். வலங்கை, இடங்கை என்று பிரிவுகள் இருந்தன. கடல் கடந்து வந்து சிங்கள அரசனிடம் சேவகம் செய்தவர்கள். பொலன்னறுவையில் புத்தரின் புனிதத் தந்தத்தை வைத்த கோயிலைத் தங்கள் காவலில் ஏற்றுக்கொண்டு, அதற்குத் தங்கள் பெயரையே சூட்டி, தமிழில் கல்வெட்டும் வெட்டி வைத்தார்கள். அவ்வளவு நம்பிக்கை இருந்தது. ஆனால் அதற்கு முன், முதலாம் விஜயபாகு சோழநாட்டின்மேல் படை எடுக்க ஆயத்தமாகி அவர்களை மாதோட்டத்துக்கு அனுப்பியபோது அவர்கள் போக மறுத்தார்கள். தங்கள் சனத்தோடு பொருத மாட்டோம் என்று கலகம் செய்து, இரண்டு தளபதிகளைக் கொன்று, அரசனின் தங்கையையும் பிள்ளைகளையும் சிறைபிடித்தார்கள் என்று சூளவம்சம் எழுதுகிறது. கலகம் அடங்கியது. கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையிலேயே கலகத் தலைவர்களை அரசன் எரித்தான்.

வெளிநாட்டவனைப் படையில் சேர்க்கும் எந்த அரசுக்கும் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: இவன் சொந்த மண்ணோடு மோத வேண்டி வந்தால் என்ன செய்வான்? இந்தத் தீவில் அந்தக் கேள்வி 11ஆம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. சூளவம்சத்தை எழுதியவர் வேளைக்காரரைத் துரோகிகளாகப் பார்க்கிறார். அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க யாரும் எழுதி வைக்கவில்லை.

யாழ்ப்பாண அரசின் கடைசி நாள்களை ஏழாம் எட்டாம் அத்தியாயங்களில் விரிவாகச் சொல்லிவிட்டேன். இங்கே ஒரு சொல் போதும். இரண்டாம் சங்கிலி தஞ்சாவூர் நாயக்கரிடமிருந்து வடுகப் படையைத் தருவித்தே அரியணையில் இருந்தான். 1619இல் பிலிப்பே டி ஒலிவேரா அவனைப் பிடித்த பின்னும், அடுத்த வருசம் வருணகுலத்தான் தலைமையில் தஞ்சாவூர்ப் படை கடல் தாண்டி வந்து போர்த்துக்கேயரோடு மோதியது. எதிர்ப்பக்கம் போர்த்துக்கேயருக்காக நின்றவர்களிலும் பெரும்பகுதி லசுக்கோரின் எனப்பட்ட உள்ளூர்ச் சிப்பாய்கள். லஷ்கர் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆக, யாழ்ப்பாணத்துக்காக வடுகரும் போர்த்துக்கலுக்காக இலங்கையரும் பொருதிய போர் அது.

இனி 1658க்கு வருவோம்.

அந்த வருசம் பெப்ரவரியில் மன்னார் விழுந்தது. ரைக்லொப் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் படை யாழ்ப்பாணத்துக்கு நடந்தது. யாழ்ப்பாணக் கோட்டைக்கு வரும் கடல்வழியின் வாய் ஊர்காவற்றுறையில் இருந்தது. அந்த வாயைப் பூட்டி வைத்திருந்தது இந்தக் கடற்கோட்டை. மார்ச் மாதம் முற்றுகை தொடங்கியது. சுற்றிவரக் கடல், நடுவில் கோட்டை, உள்ளே போர்த்துக்கேயர். அவர்களைத் தோற்கடித்தது பீரங்கியைவிடத் தண்ணீர்த் தட்டுப்பாடு. முருகைக்கல் திட்டில் கிணறு தோண்டினால் உப்புத்தான் வரும். சேமித்து வைத்த குடிநீர் இல்லாமல் போனது. தீவகத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தச் சிப்பாய்களின் நாக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். இரண்டு கிழமைக்குள் கோட்டை கையளிக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்றரை மாதம் தாக்குப்பிடித்து ஜூன் மாதம் விழுந்தது.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் படையோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ். அவர் பிறந்த ஊர் ஒல்லாந்தின் டெல்ஃப்ற். எங்கள் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரும் அதுவே. வேலணைத் தீவு லைடன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது, காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆனது. பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் அந்த ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து எங்கள் தீவுகளில் இறக்கி வைத்தார்கள். இன்று ரொறன்ரோவில் கடைக்கும் சங்கத்துக்கும் புங்குடுதீவு, வேலணை என்று பெயர் வைப்பவர்களுக்கு அந்த மனசு விளங்கும்.

யாழ்ப்பாணம் விழுந்ததும் கொம்பனிக்கு ஓர் இக்கட்டு வந்தது. வான் கூன்ஸ் படையில் பெரும்பங்கைக் கூட்டிக்கொண்டு நாகபட்டினத்தைப் பிடிக்கப் போய்விட்டார். பிடித்த கோட்டைகளுக்குக் காவல் போட ஆள் போதவில்லை. கையில் இருந்ததோ தோற்றுப்போன போர்த்துக்கேயச் சிப்பாய்கள். அவர்களில் சிலரைத் தங்கள் படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை மதிலுக்கு உள்ளே நின்று சுட்டவன் இன்று அதே மதிலில் எதிரியின் சம்பளத்துக்குக் காவல் நின்றான். அவனுக்கு வேறு வழி என்ன இருந்தது? கப்பல் இல்லை, காசு இல்லை, அரசன் இருப்பது லிஸ்பனில்.

அந்த செப்ரெம்பரில் சதி வெடித்தது. சேர்த்துக்கொள்ளப்பட்ட போர்த்துக்கேயர் சிலரும் அவர்களோடு தொடர்புவைத்த உள்ளூர்க் கிறிஸ்தவர் சிலரும் ஒல்லாந்த அதிகாரிகளைக் கொன்றுவிட்டுக் கோட்டையைத் திரும்பப் பிடிக்கத் திட்டமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. விசயம் வெளிப்பட்டுவிட்டது. தண்டனையை பால்டேயஸ் தன் புத்தகத்தில் விவரமாகவே எழுதியிருக்கிறார். நான் இங்கே அவ்வளவையும் எழுத விரும்பவில்லை. தலைவர்கள் கோடரியால் வெட்டப்பட்டார்கள், பலர் தூக்கிலிடப்பட்டார்கள். சதி தெரிந்தும் சொல்லாமல் இருந்தார் என்று கல்தேய்ரா என்ற சேசுசபைக் குருவின் தலையும் வெட்டப்பட்டது.

இந்த நிகழ்வோடு சேர்ந்து வரும் இன்னொரு பெயர் மனுவேல் அந்திராதோ. ஒல்லாந்தரின் கீழ் லசுக்கோரின் படைக்குத் தலைவனாக இருந்து, அவர்களின் நம்பிக்கையைப் பெற்று உயர்ந்தவன். இந்தப் பெயரைத்தான் பாதையில் நின்ற முதியவர் அந்திராசி என்றார். யாழ்ப்பாண வைபவமாலையிலும் பூதத்தம்பி கூத்திலும் வரும் அந்திராசி முதலி, தனக்கு விருந்து வைத்த பூதத்தம்பியின் மனைவிமேல் ஆசைகொண்டு, அவள் துரத்திவிட்ட அவமானத்தில் பூதத்தம்பியிடம் வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கி, அதைத் துரோகக் கடிதமாக்கி, ஒல்லாந்தர் கையால் அவனைக் கொல்வித்தவன். கூத்துக்கும் 1658 சதிக்கும் முடிச்சுப் போடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்த முடிச்சு எனக்கும் சரியாகவே படுகிறது. கொம்பனியின் கண்ணில் விசுவாசமான அந்திராதோ, ஊரின் கண்ணில் நாசகாரன் அந்திராசி. ஆட்சியாளரின் ஏட்டில் துரோகிகள் என்று எழுதப்பட்டவர்களில் ஒருவனுக்கு விடிய விடிய அழுவதற்கு ஊர் ஒரு கூத்து வைத்திருக்கிறது. வேளைக்காரருக்குக் கிடைக்காதது பூதத்தம்பிக்குக் கிடைத்தது.

சதிக்குப் பிறகு மதிலில் யார் நின்றார்கள்? ஒல்லாந்தர் என்று பாடப்புத்தகம் சொல்லும். கொம்பனியின் சிப்பாய்ப் பட்டியலைப் பார்த்தால் ஒல்லாந்தர் குறைவு. 18ஆம் நூற்றாண்டில் கொம்பனிப் படைவீரரில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர். ஜேர்மன் சிற்றரசுகளிலிருந்து வந்தவர்கள்தான் மிகுதி; சுவிற்சர்லாந்துக்காரர், ஸ்கன்டினேவியர், இன்றைய பெல்ஜியத்தவரும் உண்டு. 1656இல் கொழும்பு முற்றுகையில் போரிட்ட யோகான் யாக்கோப் சார் நியூரன்பேர்க்காரர். பதினைந்து வருசம் ஆசியாவில் கொம்பனிக்காகத் துவக்குத் தூக்கிவிட்டு ஊர் திரும்பி, 1662இல் தன் அனுபவத்தை ஜேர்மன் மொழியில் புத்தகமாகப் போட்டார். அவர் திரும்பினார். இரண்டு நூற்றாண்டில் கொம்பனிக் கப்பல் ஏறி ஆசியாவுக்கு வந்த ஏறக்குறைய 10 லட்சம் பேரில் பாதிப்பேர்கூட ஐரோப்பா திரும்பவில்லை.

இவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கதை முழுவதிலும் நெஞ்சைத் தொட்ட இடம் அதுதான்.

முப்பதாண்டுப் போரும் பஞ்சமும் தின்ற ஜேர்மன் கிராமம் ஒன்றிலிருந்து பதினெட்டு, இருபது வயதுப் பொடியன் ஒருவன் வேலை தேடி அம்ஸ்ரர்டாமுக்கு வருகிறான். கையில் காசில்லை, பாஷை தெரியாது. துறைமுகத் தெருவில் ஒருவர் வந்து அன்பாகக் கதைக்கிறார். தங்க இடம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, கப்பலில் வேலையும் எடுத்துத் தரலாம், காசு பிறகு பார்ப்போம் என்கிறார். வீட்டுக்குக் கூட்டிப்போய் மேல்மாடியிலோ நிலவறையிலோ இன்னும் பலரோடு அடைத்து வைக்கிறார். கொம்பனி ஆள் எடுக்கும் நாள் வரும்வரை வெளியே விடுவதில்லை. அந்த நாளில் வரிசையில் நிறுத்தி, பெயர் எழுதி, ஐந்து வருச ஒப்பந்தம். மாசச் சம்பளம் 9 கில்டர் அளவில். சாப்பாடு, படுக்கை, பெட்டி, உடுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 150 கில்டர் வரைக்கும் கடன்சீட்டு ஒன்றில் அவன் கையொப்பம் வைக்கிறான். அவன் சம்பளத்திலிருந்து அந்தக் கடனைக் கொம்பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக் கொடுக்கும். அவன் வழியிலேயே செத்துப்போனால் மிச்சக் கடன் வராது; ஆகையால் அந்தச் சீட்டை ஆட்பிடிப்பவர் குறைந்த விலைக்கு இன்னொருவருக்கு விற்றுவிடுவார். சீட்டு விற்பவர் என்ற ஒல்லாந்தச் சொல்லும் ஆன்மா விற்பவர் என்ற சொல்லும் காதுக்கு ஏறக்குறைய ஒரேமாதிரிக் கேட்கும். சனம் இரண்டாவதையே பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் இதற்குச் சொல் உண்டு. ஏஜென்சிக்காரன்.

நான் வலிந்து ஒப்பிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுவளவை ஈடுவைத்து, தாலிக்கொடியை விற்று, ஏஜென்சியிடம் கட்டி, ஆறு மாசம் ஏதோ ஒரு நாட்டு அறையில் பத்துப்பேரோடு அடைபட்டுக் கிடந்து போய்ச் சேர்ந்தவர்களின் ஊர் இது. 2023க்குப் பிறகு அந்தப் பாதையில் இன்னொரு வாசல் திறந்தது. நல்ல சம்பளம், குடியுரிமை என்று சொல்லி இலங்கையர் ரஷ்யப் படைக்கு எடுக்கப்பட்டார்கள். முதலில் போனவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற இராணுவத்தினர். பிறகு ஐரோப்பாவுக்கு என்று வெளிக்கிட்ட வடக்கு இளைஞர்கள் சிலரும் ரஷ்யாவில் அகப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்டதாகக் குடும்பங்கள் முறையிட்டன. 2025 ஜனவரி வரை ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தவர் 59 பேர் என்று வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்னார். பாஷை தெரியாத ஒப்பந்தத்தில் கையொப்பம் வைத்த பிள்ளை நியூரன்பேர்க்கிலிருந்து இங்கே வந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போனாலும் தாய்க்கு ஒரே கண்ணீர்தான்.

கொம்பனிச் சிப்பாயின் ஐந்து வருசம் முடிந்தபின் அவனுக்கு இரண்டு வழி. கப்பலேறித் திரும்புவது, அல்லது இங்கேயே பெண் எடுத்துக் குடியேறுவது. சேவகத்திலிருந்து விடுபட்டுக் குடியேறியவனுக்குக் கொம்பனி கொடுத்த பெயர் சுதந்திரக் குடிமகன். அதில் வரும் குடிமகன் என்ற ஒல்லாந்தச் சொல்லே பின்னால் பேர்கர் ஆனது. நாங்கள் பறங்கியர் என்கிறோம். எந்த ஊரிலும் குடியுரிமை இல்லாமல் சம்பளத்துக்கு வந்த ஜேர்மானியனின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தீவில் இனப்பெயராக நிலைத்தது குடிமகன் என்ற சொல்.

நெடுந்தீவுக்குப் போனால் இன்னொரு வகைச் சேவகத்தின் மிச்சத்தைக் காணலாம். முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகளுக்கு அப்பால், வெட்டவெளியில் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. கொம்பனி தன் தேவைக்குக் குதிரை பெருக்கிய தீவுகளில் நெடுந்தீவு முக்கியமானது. வெளியிலிருந்து கொண்டுவந்த குதிரைகளின் வழியில் வந்தவை இவை. ஆங்கிலேயர் காலத்திலும் லெப்டினன்ற் நோலன் அங்கே குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். படை போய்விட்டது, பண்ணை போய்விட்டது. குதிரை மட்டும் கோடையில் தண்ணீர் தேடி அலைகிறது.

1795. ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. ஒல்லாந்தின் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பினார். அந்த ஓகஸ்றில் திருகோணமலையும் செப்ரெம்பர் 28இல் யாழ்ப்பாணமும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. ஸ்ருவேட் தலைமையில் வந்த படைக்கு யாழ்ப்பாணத்தில் சண்டை பிடிக்க வேண்டியே வரவில்லை. 1658இல் மூன்றரை மாதம் பசியோடு தாக்குப்பிடித்த கோட்டை இம்முறை சத்தமில்லாமல் கைமாறியது. ஊர்காவற்றுறைச் சனத்துக்குக் கொடி மாறியது தெரிந்திருக்கும். வேறு என்ன மாறியது என்று தெரிய நாளெடுத்திருக்கும்.

மிஞ்சியது கொழும்பு. அங்கே ஆளுநர் வான் ஆங்கல்பேக். அவரே ஒல்லாந்தில் பிறந்தவரில்லை. இன்றைய ஜேர்மனியின் வடமேற்கு மூலையிலுள்ள விற்முண்டில் பிறந்தவர். அவருடைய படையின் முதுகெலும்பு டி மெரோன் படைப்பிரிவு. 1781இல் சுவிற்சர்லாந்தின் நெஷாத்தெல் பகுதியைச் சேர்ந்த சார்ல்ஸ் டானியல் டி மெரோன் ஆள்திரட்டி, கொம்பனிக்கு வாடகைக்குக் கொடுத்த படை அது. நன்னம்பிக்கை முனையில் நின்றுவிட்டு இலங்கைக்கு வந்தது. படை அவருடைய சொத்து. துவக்குப்போல், குதிரைபோல், ஆட்களையும் ஒப்பந்தத்தில் கொடுக்கலாம், வாங்கலாம்.

இதை விளங்கிக்கொண்ட ஒருவர் ஸ்கொட்லாந்தில் இருந்தார். சென்ற் அன்றூஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ கிளெக்கோண். கொழும்புக் கோட்டையைப் பீரங்கியால் உடைப்பதைவிட அதன் காவலை விலைக்கு வாங்குவது இலகு என்று ஆங்கில அரசுக்குச் சொன்னார். தானே நெஷாத்தெலுக்குப் போய், ஊரில் ஓய்வாக இருந்த மெரோன் பிரபுவோடு 1795 மார்ச்சில் உடன்படிக்கை எழுதினார். ஆங்கிலச் சிப்பாய்க்குரிய சம்பளம், பிரபுவுக்கு உயர்பதவி. பிறகு இருவரும் எகிப்து, செங்கடல் வழியாக மலையாளக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கொழும்பில் படையை நடத்திக்கொண்டிருந்த பிரபுவின் தம்பிக்குச் செய்தியை ஒரு பாற்கட்டிக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்று கதை உண்டு. அந்தக் கதையை இலங்கை வரலாறு எழுதிய யாரும் விட்டுவிடுவதில்லை. ஒக்ரோபரில் படைப்பிரிவு ஒல்லாந்தரை விட்டு விலகியது. 1796 பெப்ரவரியில் கொழும்பு கையளிக்கப்பட்டது. கிளெக்கோண் இலங்கையின் முதல் குடியேற்றச் செயலாளரானார்.

அந்தச் சுவிஸ்காரரைக் கூலிப்படை என்று இளக்காரமாக எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படைப்பிரிவை விற்றவர் பிரபு. வாங்கியவர் பேராசிரியர். மதிலில் நின்றவனிடம் யாரும் கேட்கவில்லை. காலையில் ஒரு கொடிக்குக் கீழே அணிவகுத்தவன் மாலையில் இன்னொரு கொடிக்குக் கீழே நின்றான். அவனுக்கு இரண்டுமே அந்நியக் கொடி.

ஆங்கிலேயரும் அதே வழியில்தான் போனார்கள். ஒல்லாந்தருக்குச் சேவகம் செய்த மலாயரைத் தங்கள் இலங்கைப் படைப்பிரிவில் சேர்த்தார்கள். ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கோவாவில் ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிப் படையாக்கினார். சம்பளத்துக்கு வந்தவன் போக, விலைக்கு வாங்கப்பட்டவனும் சிப்பாயானான். இலங்கை ரைபிள்ஸ் படை 1873இல் கலைக்கப்படும்வரை மலாயர் அதில் இருந்தார்கள். அவர்கள் கதை பெரிது, தனியாக எழுத வேண்டியது.

மெரோன் படைப்பிரிவோடு மட்டும் இன்னும் கொஞ்சத் தூரம் போகவேண்டும், ஏனென்றால் அது போன இடம் எங்களுக்குத் தெரிந்த இடம்.

ஆங்கிலக் கொடியின் கீழ் அது 1799இல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்டது. 1806க்குப் பிறகு மத்தியதரைக் கடலுக்குப் போனது. பெயர் பழையதாக இருந்தாலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; ஜேர்மானியர், இத்தாலியர், போலந்துக்காரர் என்று கிடைத்தவரெல்லாம் சேர்க்கப்பட்டார்கள். 1813இல் அமெரிக்கரோடு நடந்த போருக்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்டது. 1816இல் அங்கேயே கலைக்கப்பட்டது. நாடு திரும்ப விரும்பாதவர்களுக்குக் கனடாவில் காணி கிடைக்கும் என்றார்கள். செல்கேர்க் பிரபு அவர்களில் நூறுபேரளவில் தன்னோடு சேர்த்துக்கொண்டு, மேற்கே செந்நதிக் கரையில் தான் அமைத்திருந்த குடியேற்றத்தைக் காக்கக் கூட்டிப்போனார். இன்றைய வினிப்பெக் நகரம் அது. சேவகத்துக்குக் கூலியாக ஆற்றங்கரையில் காணி. 1818இல் அங்கே எழுந்த கத்தோலிக்கப் பணித்தளத்துக்கு, அவர்களை நினைத்தே, ஜேர்மானியரின் புனிதரான போனிபஸின் பெயர் வைத்தார்கள். சென்ற் போனிபஸ் என்ற பெயரில் அந்த இடம் இன்றும் இருக்கிறது.

அதே கனடாவில்தான் இன்று எங்கள் தீவகத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். 2022 நவம்பரில் கனடா, குடியுரிமை இன்னும் எடுக்காத நிரந்தர வதிவாளரும் தன் படையில் சேரலாம் என்று கதவைத் திறந்தது. படையில் ஆட்பற்றாக்குறை. அதற்கு முன் அமெரிக்கா, வேண்டிய மொழிகளைப் பேசும் வெளிநாட்டவரைப் படையில் சேர்த்து விரைவில் குடியுரிமை கொடுக்கும் திட்டம் ஒன்றை 2009இல் தொடங்கி 2016வரை நடத்தியது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. போன வருசம் ஸ்காபரோவிலிருந்து வந்திருந்த புங்குடுதீவு உறவுக்காரர் ஒருவர், மகன் படைக்கு எழுதிப் போட்டிருக்கிறான் என்று சொன்னார். "அவனுக்கு அது அவன்ர நாடு, அண்ணை. எனக்குத்தான் நெஞ்சு அடிக்குது" என்றார். அவர் 1990இல் எந்தத் துவக்குகளுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினார் என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் பேசவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். பொடியன் எங்கள் பக்கத்து முகம், அப்படியே அவருடைய அப்பு.

செந்நதிக் கரைக்கு வந்த மெரோன்காரர் அங்கே பத்து வருசந்தான் இருந்தார்கள். சிலர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த குடியேறிகளின் பெண்களைக் கட்டினார்கள். சிப்பாய்க் கை கலப்பைக்குப் பழகச் சிரமப்பட்டது. வெட்டுக்கிளி பயிரைத் தின்றது. 1826 வசந்தத்தில் பனி உருகி ஆறு கரை உடைத்துப் பாய்ந்தது. வீடும் வேலியும் போயின. தண்ணீர் வடிந்ததும் அவர்களில் பெரும்பாலானோர் மிச்சச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பெண்சாதி பிள்ளைகளோடு தெற்கே அமெரிக்காவை நோக்கி வெளிக்கிட்டார்கள்.